மலையகத் தோட்டங்களில் மணநீக்கமும் சட்டத்துணையும்

மணவாழ்க்கை இருவர் உள்ளம் ஒன்றிய உறவு மட்டுமன்று. ஊரும் அரசும் அறிந்து ஏற்கும் உறவுமாகும். மாந்தரிடையே வாய்மை குன்றிய காலத்திலேயே மணச்சடங்கு வரையறுக்கப்பட்டது என்பது தொல்காப்பியர் தரும் கருத்து. பின்னொருநாள் மறுப்பு எழுமாயின், மணம் நிகழ்ந்தமைக்குச் சடங்கு சான்றாய் நிற்கும். மணத்தின் தொடக்கத்திற்குச் சான்று வேண்டுமெனின் அதன் முடிவிற்கும் சான்று வேண்டும் என்பது வெளிப்படை. நுவரெலியா, அட்டன் பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களிலே இவ்வுண்மை போதிய அளவு உணரப்படாமையால் குடும்பங்கள் பல, சிறப்பாகப் பெண்களும் குழந்தைகளும், நீங்காத இடர்ப்பாட்டிற்கு உள்ளாகின்றனர்.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்கள் தம் வழக்காறுகளையும் உடன்கொண்டே வந்தனர். சில சமூகங்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் தாலியைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இக்காலத்திலும் கணவன் மனைவியரிடையே பிணக்கு நேர்ந்தால் அது முதலிற் செல்வது தோட்டத் தலைவரிடமும், கோயிற் பெரியோரிடமும், தொழிற்சங்க அலுவலகத்துக்குமேயாம். இணக்கம் காண இவர்கள் எடுக்கும் முயற்சி போற்றத்தக்கது. ஆயினும் இணக்கம் தவறியவிடத்து, “இனி ஒருவர்மேல் ஒருவருக்கு உரிமையில்லை” என்று முத்திரைத் தாளில் எழுதி, சாட்சிகள் முன்னிலையிற் கையொப்பமிட்டு, அத்துடன் மணம் முடிந்தது என்று கொள்வாரும் உளர். இங்கேதான் பெருந்தவறு நிகழ்கிறது.

1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், இருவரும் உயிரோடிருக்கும்வரை, தகுதிவாய்ந்த நீதிமன்றம் ஒன்றன் தீர்ப்பாலன்றி மணம் கலையாது என்று திட்டமாக விதிக்கிறது. தலைவர், பொலிசார், நொத்தாரிசு ஆகிய எவர் முன்னிலையில் எழுதப்பட்ட பத்திரமும் அத்தீர்ப்புக்கு ஈடாகாது. முதல் மணம் சட்டப்படி நீங்காதிருக்கச் செய்யப்படும் மறுமணம் செல்லுபடியாகாது என்பதும் அதே சட்டத்தின் விதியாகும். அன்றியும், அவ்வாறு மறுமணம் புரிவது தண்டனைச் சட்டக்கோவையின்படி ஏழாண்டுவரை சிறைத்தண்டனை பெறத்தக்க குற்றமாம். இருபது ஆண்டு உடன்வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பெண்ணொருத்தி, கணவன் இறந்தபின் தான் சட்டத்தின் கண்ணில் மனைவியே அல்லள் என்பதை அறிய நேர்வதற்கு, முன்னொருநாள் எழுதப்பட்ட அந்த ஒற்றைத் தாளே காரணமாகலாம்.

இனி, மலையகத் தமிழரை ஆளும் மணச்சட்டம் யாது என்னும் வினாவிலும் மயக்கம் மிகுதி. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் வழக்காற்றின்படி அமைந்த மணநீக்கத்திற்கு இடமளிக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இருவர் இசைவுடன் பிரிவதற்கும் வழிசெய்கிறது. அச்சட்டம் இலங்கையிற் செல்லாது. தேசவழமை வடபுலத் தமிழரின் சொத்துரிமை பற்றியது. தோட்டத் தமிழரை அது கட்டுப்படுத்தாது. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் கண்டிச் சிங்களவர்க்கே உரியது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் முஸ்லிம்களுக்கே உரியது. ஆகவே தோட்டத் தமிழர் பொதுச்சட்டத்தின் ஆட்சிக்கு உட்பட்டவராவர். இதனால் விளையும் வேறுபாடு கருதத்தக்கது. கண்டியச் சட்டப்படி மணந்த தம்பதியர் இருவரும் ஒருமித்து வேண்டினால் மாவட்டப் பதிவாளர் முன்னிலையில் மணநீக்கம் பெறலாம். அதே ஊரில் வாழும் தமிழ்த் தம்பதியரோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, ஒருவர் குற்றத்தை மற்றவர் மெய்ப்பித்தாக வேண்டும்.

“எங்கள் திருமணம் பதிவு செய்யப்படவில்லையே, பின் மணநீக்கம் எதற்கு?” என்று வினவுவார் பலர். பதிவு என்பது மணத்திற்கு மிகச் சிறந்த சான்று. ஆயின் அதுவே மணம் ஆகாது. வழக்காற்றின்படி நிகழ்ந்த மணத்தையும் இலங்கைச் சட்டம் ஏற்கும். கணவனும் மனைவியுமாய் ஊரறிய வாழ்ந்தோரை, மறுதலையான தெளிந்த சான்று இல்லாதவிடத்து, முறைப்படி மணந்தவராகவே கொள்ளவேண்டும் என்று இலங்கைத் தமிழர் வழக்கொன்றில் 1881ஆம் ஆண்டிலேயே கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. எனவே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி வாழ்ந்தவர், பதிவின்மையை மட்டும் காட்டித் தம்மை மணமாகாதவர் என்று சொல்லிக்கொள்ளல் இயலாது. அத்தகையோர் வழக்கிற்குப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தோட்டப் பதிவுகள், அழைப்பிதழ், உடனிருந்தோர் சாட்சியம் ஆகியன பயன்படும்.

பொதுச்சட்டம் மணநீக்கத்திற்கு வகுத்துள்ள காரணங்கள் மூன்றேயாம். மணத்தின் பின் நிகழ்ந்த பிறர்சேர்க்கை ஒன்று. தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல் மற்றொன்று. மணநாளிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற குறைபாடு மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதே தோட்டத்து வழக்குகளிற் பெரிதும் ஆராயத்தக்கது. வீட்டைவிட்டு வெளியேறியவரே கைவிட்டவர் என்று எண்ணுதல் பிழை. அடியும் உதையும் தாங்காது தாய்வீடு சென்ற மனைவி கைவிட்டவள் அல்லள். அவளை அந்நிலைக்குத் தள்ளிய கணவனே கைவிட்டவனாகக் கருதப்படுவான். மத்திய கிழக்கு நாடுகளுக்குக் குடும்ப நலங்கருதி, கணவன் இசைவுடன் பணிப்பெண்ணாகச் சென்றவளையும் அப்பழி சாராது. மலையகத்தின் வரலாறும் இதற்கு எடுத்துக்காட்டாகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. குடும்பங்கள் கடலின் இருகரையிலும் சிதறின. அவ்வாறு நேர்ந்த பிரிவு தானே கைவிடலாகாது. இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்னும் உள்ளத்துணிவு இருந்ததா என்பதையே நீதிமன்றம் நோக்கும்.

நெடுங்காலம் பிரிந்திருந்தாலே போதும் என்று நம்புவாரும் உளர். ஏழாண்டு பிரிந்து வாழ்ந்தோர் மணநீக்கம் வேண்டலாம் என்னும் விதி 1977ஆம் ஆண்டில் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிற் சேர்க்கப்பட்டது. ஆயின், அங்கும் குற்றம் மெய்ப்பிக்கப்படல் வேண்டும் என்று 1986இல் உயர் நீதிமன்றம் பொருள் கண்டது. மதம் மாறினால் மறுமணம் செய்யலாம் என்னும் எண்ணத்திற்கு 1965இல் கோமறைக் கழகத் தீர்ப்பு இடமளித்தது. 1997இல் உயர் நீதிமன்றம் அவ்வழியை அடைத்துவிட்டது.

வழக்காளி தாம் வாழும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கிடலாம்; கணவன் கொழும்பிலிருந்தாலும் அட்டனில் வாழும் மனைவி கொழும்பு செல்ல வேண்டுவதில்லை. அழைப்பாணை பெற்றும் எதிராளி வாராதிருப்பின், வழக்காளியின் சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்கப்படலாம். முதலிற் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பே. குறைந்தது மூன்று மாதம் கழிந்து அது முடிவான தீர்ப்பாகும்வரை மறுமணம் கூடாது. பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பதில் அவர்தம் நலனே முதன்மையாக நோக்கப்படும்.

பிழைப்புச் செலவு பெறுவதற்கு மணநீக்க வழக்கு வேண்டும் என்பதும் மயக்கமே. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, தன்னைத் தானே பேண இயலாத மனைவியும் பிள்ளைகளும் நீதவான் நீதிமன்றத்தை நேரே நாடலாம். ஆயின் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்வதாகக் கண்டால் மனைவிக்குத் தாபரிப்புக் கிட்டாது. ஆகவே தலைவர் முன்னிலையில் எழுதப்படும் அப்பிரிவுப் பத்திரம் மணத்தைக் கலைக்காததோடு, மனைவியின் சோற்றுக்கும் உலைவைக்கக் கூடியதாகும். வன்முறைக்கு அஞ்சுவோர், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதே நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

இத்துணைச் சிக்கல்களிடையே வழிகாட்டுபவர் சட்டத்தரணி. முற்காலத்தில் பிரக்கிராசி, அப்புக்காத்து என இருவகையாயிருந்த தொழில் 1974ஆம் ஆண்டு முதல் ஒன்றாயிற்று. உயர் நீதிமன்றத்திற் பதிவுபெற்றவரே சட்டத்தரணியாவார். நீதிமன்ற வாயிலில் நின்று ஆள் பிடிக்கும் தரகரை நம்பிச் செல்லலாகாது. அவ்வூர் மாவட்ட நீதிமன்றத்தில் நாள்தோறும் தோன்றுபவராயும், குடும்ப வழக்குகளிற் பயிற்சியுடையவராயும், கட்சிக்காரர் தமிழிற் கூறுவதை இடையாள் இன்றி விளங்கிக்கொள்பவராயும் இருப்பவரே ஏற்றவர். வடக்கு, கிழக்கிற்கு அப்பால் நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில் அமைவது பொதுவிதி. ஆயினும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, தமிழில் வழக்காவணங்களை இடவும், நடப்பதை மொழிபெயர்த்துக் கேட்கவும் உரிமை தருகிறது. அவ்வுரிமையை எடுத்துரைக்கத் தயங்குபவர் தமிழ்த் தொழிலாளிக்கு உரிய துணையாகார்.

முதற் சந்திப்பிலேயே சில வினாக்களைக் கேட்டல் நன்று. கட்டணம் வழக்கு முழுமைக்குமா, ஒவ்வொரு தவணைக்குமா? பற்றுச்சீட்டு உண்டா? தாபரிப்பு வழக்கை முதலில் இடுதல் தகுமா? எதிராளி மறுத்தால் எத்துணைக் காலம் செல்லும்? இவற்றிற்குத் தெளிவான விடை தருபவர் நம்பத்தக்கவர். “ஒரு மாதத்தில் முடித்துத் தருவேன்” என்பவரும், இல்லாத குற்றத்தைப் புனைந்து எழுதலாம் என்பவரும் விலக்கத்தக்கவர். இருதரப்பாரும் கூடிச் செய்த சூழ்ச்சி வெளிப்படின் வழக்கே தள்ளுபடியாகும். கணவனுக்கும் மனைவிக்கும் ஒருவரே சட்டத்தரணியாயிருத்தல் பொருந்தாது. வழக்கை நடத்த அதிகாரம் தரும் பிரொக்சிப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் அதனைப் படித்துக் காட்டச் சொல்லவேண்டும். வெற்றுத்தாளில் ஒருபோதும் ஒப்பமிடலாகாது. மூலச் சான்றிதழ்களின் படிகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும் வேண்டும். கட்சிக்காரர் தொழில்முறையிற் கூறுவதை அவர் இசைவின்றி வெளியிடாமை சட்டத்தரணியின் கடமையாதலால், அவரிடம் எதையும் மறைக்க வேண்டுவதில்லை. பொருள் வசதியற்றோர்க்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு துணைபுரிகிறது.

தோட்டத்திற்கே உரிய ஒன்று எஞ்சியுள்ளது. லயன் அறை தொழிலோடு பிணைந்தது. பெரும்பாலும் கணவனுக்கோ மனைவிக்கோ சொந்தமானதன்று. இருவரும் பிரிந்தபின் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு அப்பாலும் இப்பாலும் வாழவேண்டி நேர்வதும் உண்டு. ஆதலின் வழக்கிடுமுன், மனைவியின் பெயர் செக்றோலில் தனித் தொழிலாளியாகப் பதிந்துள்ளதா, ஊழியர் சேமலாப நிதியில் உரித்தாளராக யார் குறிக்கப்பட்டுள்ளார் என்பனவற்றையும் சட்டத்தரணியுடன் ஆராய்தல் இன்றியமையாதது. தீர்ப்பின் மறுநாள் அவள் எங்கே உறங்குவாள் என்று வினவாத சட்டத்துணை அரைத்துணையே.

மணநீக்கம் விரும்பத்தக்கதன்று; எனினும் விலக்கமுடியாத வேளையில் அது முறைப்படி நிகழ்தல் வேண்டும். தோட்டத் தலைவரும் தொழிற்சங்கத்தாரும், தோட்டப் பாடசாலை ஆசிரியரும், கல்வி பெற்று லயத்திலிருந்து வெளியேறிய இளைஞரும், பிரிவுப் பத்திரம் எழுத முனைவோரிடம் அத்தாள் மணத்தை முடிக்காது என்பதை எடுத்துரைத்து, நீதிமன்றத்திற்கு வழிகாட்டுவாராயின், பல குடும்பங்கள் பிற்காலத் துயரினின்று காக்கப்படும்.