கூடாரம் சுமந்து ஒரு கடற்கரை நடை

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில், மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல் நீளும் நடைபாதை ஒன்று உண்டு. கள்ளக் கடத்தலைத் தடுக்கக் கடலோரக் காவலர் நடந்து பழகிய வழி அது. ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால், குன்றுதோறும் ஏறி இறங்குகிறது. ஏற்றங்களைக் கூட்டினால் 35,000 மீட்டர். ஏறத்தாழ நான்கு எவரெஸ்டு!

மூட்டை கட்டுவோர் இதனை எண்ணுதல் நலம். நான் கணக்கிட்டேன்: ஒரு கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 343 கிலோ ஜூல் வேலை. தசைகளோ உண்ட ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே வேலையாக்கும். ஆகவே கிலோ ஒன்றுக்கு, ஏற்றத்திற்கு மட்டும், ஆறேழு இட்டலி! (அங்கே இட்டலிக்கு எங்கே போவதென்று கேட்காதீர்கள்.) புத்தகங்களை விட்டுச் செல்லலாம், கூடாரத்தை விடலாகாது. அதையும் கண்ட இடத்தில் அடிக்க இயலாது. நிலத்துக்குரியவரின் இசைவு வேண்டும். அந்தி சாயுமுன் கேட்டு வைப்பது நல்லது.