தடுப்பூசி போட்டாச்சு... அப்புறமும் ஏன் ஊரடங்கு? சீன மக்கள் வெள்ளைத்தாளோடு வீதிக்கு வந்தது ஏன்?

சீனாவில் 10 பேரில் கிட்டத்தட்ட 9 பேர் கொரோனா தடுப்பூசி போட்டு முடித்துவிட்டார்கள். ஆனாலும் 2022 முழுக்க ஊர் ஊராக லாக்டவுன் தொடர்ந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மக்கள் நவம்பர் கடைசியில் தெருவில் இறங்கினார்கள். தடுப்பூசி இருந்தும் அரசு ஏன் கதவைத் திறக்கவில்லை?

4 நாள் என்றார்கள், 2 மாதம் ஆனது

2020 ஜனவரியில் வூஹான் நகரம் 76 நாட்கள் மூடப்பட்டது. அப்போது தடுப்பூசி இல்லை. மக்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

2022 மார்ச் 28-ல் ஷாங்காய் மூடப்பட்டபோது நிலைமை வேறு. நகரை இரண்டாகப் பிரித்து, பகுதிக்கு 4 நாள்தான் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அது ஜூன் 1 வரை நீண்டது. சுமார் 2.5 கோடி பேர் வாழும் பணக்கார நகரத்தில் காய்கறிக்கும் மருந்துக்கும் மக்கள் அல்லாடினார்கள். தொற்று உறுதியானால் வீட்டிலும் இருக்க முடியாது, அரசு முகாமுக்குத்தான் போக வேண்டும்.

கோபம் வெடித்தது எப்படி?

நவம்பர் 24-ல் ஜின்ஜியாங் மாகாணத்தின் உரும்கி நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்து 10 பேர் இறந்தார்கள். அந்த நகரில் 100 நாட்களுக்கு மேலாகக் கட்டுப்பாடுகள் இருந்தன. தடுப்புகளால்தான் மீட்பு தாமதமானது என்று மக்கள் கொதித்தார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள்.

அதே வாரம் கத்தாரில் உலகக் கோப்பை கால்பந்து. மாஸ்க் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் ஆர்ப்பரிப்பதை, வீட்டுக்குள் அடைபட்ட சீனர்கள் டிவியில் பார்த்தார்கள்.

ஷாங்காய், பெய்ஜிங், செங்டு, வூஹான் எனப் போராட்டம் பரவியது. அதிபர் ஜி ஜின்பிங் பதவி விலக வேண்டும் என்ற கோஷமும் கேட்டது. பலர் கையில் பிடித்திருந்தது எதுவுமே எழுதாத வெள்ளைத்தாள். எதைச் சொன்னாலும் தணிக்கை என்பதற்கான எதிர்ப்பு அது.

சிக்கல் எங்கே?

முதியவர்களிடம்தான். சீனாவில் தடுப்பூசி முதலில் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கே போடப்பட்டது. ஆபத்து அதிகமுள்ள தாத்தா, பாட்டிகள் பின்தங்கிவிட்டார்கள். 2022 நவம்பர் நிலவரப்படி, 80 வயதைத் தாண்டியவர்களில் பூஸ்டர் போட்டவர்கள் சுமார் 40% மட்டுமே. பிசிஆர் டெஸ்ட்டுக்கும் முகாம்களுக்கும் காட்டிய வேகத்தை அரசு இதில் காட்டவில்லை.

பிறகு என்ன ஆனது?

டிசம்பர் 7-ல் பெரும்பாலான கட்டுப்பாடுகள் திடீரெனத் தளர்த்தப்பட்டன. அடுத்த ஐந்து வாரங்களில் மருத்துவமனைகளில் மட்டும் சுமார் 60,000 பேர் இறந்ததாக அரசே அறிவித்தது. அவர்களில் சுமார் 90% பேர் 65 வயதைக் கடந்தவர்கள்.

லாக்டவுன் கொடுத்தது கால அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் முதியவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய ஊசி சேரவில்லை. அதன் விலையை முதலில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் கொடுத்தார்கள், கதவு திறந்த பிறகு அந்த முதியவர்களே கொடுத்தார்கள்.