ஒல்லியா இருந்தா சுகர் வராதா பாஸ்?

'நமக்கெல்லாம் சுகர் வராது மச்சி, பாரு எவ்ளோ ஒல்லி!' என்றபடி கேன்டீனில் இரண்டாவது செட் பரோட்டா சொல்லும் ஆசாமியா நீங்க? ஒரு நிமிஷம் ப்ளீஸ்!

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் போட்டோ வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்குமே 22.3. ஆனால், உடம்பில் இருந்த கொழுப்பு? யட்கினுக்கு 9.1 சதவிகிதம். யாஜ்னிக்குக்கு 21.2! எடை மெஷினுக்குத் தெரியாத ரகசியம் இது. கை, கால் குச்சி மாதிரி இருந்தாலும், வயிற்றுக்குள் கொழுப்பைப் பதுக்குவதில் நம்ம ஊர் உடம்பு கில்லாடி.

சரி, கொழுப்புக்கும் சுகருக்கும் என்ன கனெக்‌ஷன்? தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவாக வம்பு பண்ணாது. குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்புதான் வில்லன். அது அதிகமானால் கல்லீரலும் தசைகளும் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் அடம்பிடிக்கும். கணையம் ஓவர்டைம் பார்த்து இன்னும் இன்சுலினை அனுப்பும். வருஷக்கணக்கில் உழைத்து அது டயர்டாகும்போது, ரத்தத்தில் சர்க்கரை எகிறிடும்.

அதனால, இஞ்ச் டேப்பை எடுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு அளங்க. தொப்பையை எக்கினா ஆட்டம் செல்லாது! ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தொட்டுட்டா உஷார்!

சென்னை டாக்டர் வி.மோகன் குழு 2005-ல் ஒரு ரிஸ்க் ஸ்கோர் வெளியிட்டது. வயசு, இடுப்பளவு, உடலுழைப்பு, அப்பா அம்மாவுக்கு சுகர் உண்டா... நாலே கேள்வி, 100 மார்க். இந்த எக்ஸாமில் 60 எடுத்து ஃபர்ஸ்ட் க்ளாஸ் வாங்கினா சந்தோஷப்படாதீங்க, ரத்தப் பரிசோதனைக்கு ஓடுங்க!

வயசையும் பரம்பரையையும் மாத்த முடியாது. மத்த ரெண்டும் நம்ம கையில்தான். சுகரின் வாசலில் நின்றவர்களை, நடை, அளவான சாப்பாடு என்று மாறவைத்துப் பார்த்தது டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு. ரிஸ்க் 28 சதவிகிதத்துக்கு மேல் குறைந்ததாக 2006-ல் ரிசல்ட் வந்தது.

35 வயசுக்குள் இருக்கும் நமக்கு வயசுக்கான மார்க் ஜீரோ. அப்பா, அம்மாவுக்கு அப்படியில்லை. அதனால, இந்த வார லீவில் ஊருக்குப் போகும்போது பையில் ஒரு டேப்பையும் போட்டுக்கோங்க. வீட்டில் எல்லாருக்கும் அளந்துடலாம்!