திரைக்குப் பின்னாலும் பரிசு

நம் பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் முடிந்ததும், ராஜா வேடமிட்டவளைத்தான் எல்லோரும் தேடிச் சென்று பாராட்டுகிறோம். எம்.சி. ரோட்டில் துணி வாங்கி வந்து, அவளுக்கு ஜிகினா வைத்து அங்கி தைத்தவளை யாரும் விசாரிப்பதில்லை.

இக்குறையைப் போக்கும் விழா ஒன்று தில்லியில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அது 2006-ஆம் ஆண்டு தொடங்கிய மகிந்திரா நாடக விருது விழா. நாட்டின் பல பகுதிகளிலிருந்து, பல மொழிகளில், நூற்றுக்கணக்கான நாடகங்கள் போட்டிக்கு வருகின்றன. தேர்வுக் குழுவினர் அவற்றின் ஒளிப்பதிவுகளைப் பார்த்துப் பத்து நாடகங்களைத் தெரிந்தெடுக்கின்றனர். அந்தப் பத்தும் தில்லி மேடையில் நடுவர்கள் முன்னிலையில் நடிக்கப்படுகின்றன. அதன் பின்னரே பரிசு.

சிறந்த நடிகர், நடிகை, இயக்குநர் ஆகியோருக்கு விருது உண்டு. மேடையமைப்பு, ஒளியமைப்பு, உடையமைப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனியே விருதுகள் உண்டு. ஒருவரையொருவர் தாங்கி நடித்த குழு முழுவதற்கும் சேர்த்து ஒரு விருது வழங்குவது தனிச் சிறப்பு.

ஏன் இப்படி? விளக்கு ஒரு நொடி பிந்தினாலும் கதாநாயகியின் கண்ணீர் இருளில் மறைந்துவிடும். நாடகம் ஊர் கூடி இழுக்கும் தேர் அல்லவா!

தோழியரே, அடுத்த ஆண்டு விழாவில் திரை இழுத்த கைகளுக்காகவும் நாம் கை தட்டுவோமா?