அந்த ஓட்டுச் சில்லைக் கீழே போடுங்கள்

புனித பூமிப் பயணம் போய்வந்தவர்களின் வீட்டு அலமாரியில் ஒலிவமரச் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு பானை ஓட்டைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "மெகிதோவில பொறுக்கினதுங்க, தரையெல்லாம் கிடந்துச்சு" என்பார்கள். விமான நிலையத்தில் பிடிபடாமல் வந்தார்களே என்று எனக்குத்தான் பதறும்.

காலையில் செசரியா, மதியம் மெகிதோ, மாலையில் கப்பர்நகூம் என்று ஒரே நாளில் பஸ்ஸில் கூட்டிப்போகிறார்கள். மெகிதோ மேட்டில் 20க்கும் மேற்பட்ட அடுக்குகளாக ஊர்கள் புதைந்திருக்கின்றன. அங்கே 183 படிகள் இறங்கி, நீர்ச்சுரங்கம் வழியாக நடந்து மறுபக்கம் வந்தால் பஸ் காத்திருக்கும். ஏறுவதற்கு முன் ஞாபகத்துக்கு ஏதாவது வேண்டும் என்று குனிகிறார்கள். எந்த அடுக்கு எந்தக் காலம் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இத்தகைய ஓடுகளை வைத்துத்தான்.

இஸ்ரேலின் 1978ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, கி.பி. 1700க்கு முன் மனிதர் செய்த எந்தப் பொருளும் தொல்பொருள்தான். ஓடு, காசு, அகல், கண்ணாடித் துண்டு எதற்கும் விலக்கில்லை. கண்டெடுத்தால் அது அரசுக்குச் சொந்தம். 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். எழுத்துமூல அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். கொண்டுபோக வேண்டிய துணிமணிகளுக்கு நீளமான பட்டியல் கொடுக்கும் பயண ஏற்பாட்டாளர்கள் இதை ஒரு வரியில் சொன்னால் என்ன?

அடுத்த ஆபத்து, பஸ் நின்றதும் சூழ்ந்துகொள்ளும் வியாபாரிகள் நீட்டும் 'ஏழை விதவையின் காசு'. போலியானால் பணம் போச்சு. அசலானால் நீங்கள் குற்றவாளி. ஆசை இருந்தால், தொல்பொருள் ஆணையத்தின் உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது நடப்பில் இருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள். பொருளின் விவரம் எழுதிய ரசீதும், அதே பொருளுக்கான ஏற்றுமதி அனுமதியும் கைக்கு வராமல் பணத்தை எடுக்காதீர்கள். "ஏர்போர்ட்டில் ஒன்றும் கேட்கமாட்டார்கள்" என்று கடைக்காரர் சொன்னால் உடனே வெளியே வந்துவிடுங்கள். பயணம் யோர்தானுக்கும் எகிப்துக்கும் நீண்டால் இந்த வழியும் கிடையாது: அங்கே தொல்பொருள் வியாபாரமே தடை.

ஏற்கெனவே பொறுக்கிவிட்டீர்களா? பஸ் கிளம்புமுன் வழிகாட்டியிடம் சொல்லி, அந்த இடத்து அலுவலகத்திலேயே கொடுத்துவிடுங்கள். பயந்துபோய் அடுத்த ஊரில் வீசாதீர்கள். அது இன்னும் கெடுதல். ஊருக்கே கொண்டுவந்துவிட்டால், எங்கே எடுத்தது என்று குறிப்பிட்டு எருசலேமிலுள்ள தொல்பொருள் ஆணையத்துக்கு எழுதி, எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேளுங்கள்.

திரும்பும்போது விமான நிலையத்தில், யாராவது ஏதாவது கொடுத்தார்களா, பெட்டியை யார் அடுக்கினார்கள் என்றெல்லாம் விசாரிப்பார்கள். பொய் சொல்லாதீர்கள். சக பயணி "இதை உங்க பையில் வச்சுக்கோங்க" என்றால் மறுத்துவிடுங்கள், அவர் உங்கள் சபை மூப்பராகவே இருந்தாலும். மீண்டும் சொல்கிறேன், ஒரு சில்லுகூட வேண்டாம்.

மீறிப் பிடிபட்டால், இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்; புரியாத எபிரேயத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். டெல் அவிவ் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைப் புறப்படுமுன்பே ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணையின்போது செல்போன் உங்கள் கையில் இருக்காமல் போகலாம்.