எளிதில் முறியும் எலும்பு: இணைப்புத் திசுவின் பரம்பரைக் குறை

களப்பணியில் ஈடுபட்டோரும் ஆசிரியர்களும் சிற்சில வேளைகளில் வியப்பூட்டும் ஒரு குழந்தையைக் காண நேரிடும். படியில் லேசாகத் தடுக்கினாலும் அதன் கால் முறிகிறது. முன்பு முறிந்த கை கூடிச் சில மாதங்களே ஆகியிருக்க, மீண்டும் முறிகிறது. பால் போதவில்லை என்பர் சிலர்; கிரகக் கோளாறு என்பர் வேறு சிலர்; பெற்றோர் அடித்திருப்பர் என்று ஐயுறுவோரும் உண்டு. இம்மூன்றுமே தவறாக இருக்கக்கூடும். இத்தகைய குழந்தைக்குப் பிறவியிலேயே இணைப்புத் திசுவில் ஒரு குறை இருக்கலாம். மருத்துவ நூல்கள் அதனை ‘ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா’ என்று வழங்குகின்றன. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 வரையிலான பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது.

உடலின் உறுப்புகளைத் தாங்கியும் பிணைத்தும் நிற்பது இணைப்புத் திசு. எலும்பு, தசைநாண், தோல், பல், விழியின் வெண்படலம் ஆகிய அனைத்திற்கும் உறுதி தருவது அத்திசுவிலுள்ள கொலாஜென் என்னும் புரதமே. கட்டட வேலை ஓயாது நடைபெறும் பொம்மனஹள்ளி போன்ற பகுதியில் பணிபுரிவோர்க்கு ஓர் உவமை எளிதில் விளங்கும். கான்கிரீட்டில் சிமெண்டுக் கலவை எவ்வாறோ அவ்வாறு எலும்பில் சுண்ணாம்புச் சத்து. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி எவ்வாறோ அவ்வாறு கொலாஜென். கம்பி பழுதாயின் கலவை எவ்வளவு நன்றாயினும் தூண் நில்லாது. ஆகவேதான் பாலும் சுண்ணாம்பு மாத்திரையும் மட்டும் இந்நோயைத் தீர்ப்பதில்லை. ‘ரிக்கெட்ஸ்’ என்னும் எலும்பு மென்மை நோய்க்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

கொலாஜெனின் அமைப்பை விளக்கிய ஆராய்ச்சி நம் நாட்டில் நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் 1954-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டு, 1955-இல் மேலும் திருத்தமுறச் செய்தனர். பதனிட்ட தோல் பெரிதும் கொலாஜெனே ஆதலின், அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவி அவர்களுக்குக் கிட்டியது. கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்து, கொலாஜென் மூன்று இழைகள் முறுக்கிய முப்புரிக் கயிறு போன்றது என்று அவர்கள் கண்டனர். பிற்காலத்தில் ராமச்சந்திரன் பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் துறையை நிறுவினார்.

இம்முப்புரியில் ஒவ்வோர் இழையும் ஆயிரத்திற்கு மேற்பட்ட அமினோ அமிலங்களின் கோவை. அவற்றுள் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் அமைந்திருத்தல் வேண்டும். கிளைசின் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது; மூன்று இழைகளும் நெருங்கும் நடுப்பகுதியில் வேறொன்றிற்கு இடமில்லை. மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு பிழையால் கிளைசினுக்குப் பதிலாகப் பெரியதொரு அமிலம் வந்தமையுமாயின், அவ்விடத்தில் முறுக்குக் குலைகிறது; கயிறு நலிகிறது. கடுமையான வகைகள் பலவும் இவ்வாறு தோன்றுவனவே. இலேசான வகையில் கொலாஜென் செம்மையாகவே உருவாகிறது. ஆனால் அதன் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நோயுற்றோரிற் பெரும்பாலோர்க்கு இப்பிழை ஓங்கு பண்பாக இறங்குகிறது. அதாவது, தாய் தந்தையருள் ஒருவருக்கு நோய் இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒரு பங்கு. பெற்றோர் இருவரும் நலமாயிருந்தும் குழந்தையிடம் பிழை புதிதாகத் தோன்றுவதும் உண்டு. அரிதான சில வகைகள் ஒடுங்கு பண்பாக வருவன. அவற்றில் பெற்றோர் இருவரும் நோயின்றியே பிழையைத் தாங்கியிருப்பர். நெருங்கிய உறவினருக்குள் மணம் புரியும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு மிகுதி. இவை எவற்றிலும் தாயின் குற்றமோ கருவுற்ற காலத்து உணவின் குற்றமோ இல்லை என்பதைக் குடும்பத்தாருக்கு எடுத்துரைத்தல் நம் முதற் கடமையாகும்.

நோயை ஐயுறுதற்குரிய அறிகுறிகள் சில உள. சிறு அதிர்ச்சியால் எலும்பு அடிக்கடி முறிதல், விழியின் வெண்படலம் நீலம் பாய்ந்து தோன்றுதல், பற்கள் மங்கலாகி எளிதில் தேய்தல், மூட்டுகள் மிகையாக வளைதல், வளர்ந்தபின் செவிப்புலன் குறைதல் ஆகியவை அவை. எல்லாம் ஒருவரிடமே காணப்பட வேண்டுமென்பதில்லை. குழந்தை துன்புறுத்தப்பட்டதா, நோயுற்றதா என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். களப்பணியாளர் முன்கூட்டியே தீர்ப்புக் கூறலாகாது. குழந்தையை மருத்துவரிடம் சேர்ப்பிக்கத் தாமதித்தலும் ஆகாது.

நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் பிஸ்பாஸ்பொனேட் மருந்துகள் எலும்பு கரைதலைத் தணித்து அதனைத் திண்மைப்படுத்துகின்றன. வளைந்த நீள் எலும்புகளுக்குள் உலோகக் கம்பி பொருத்தும் அறுவை முறையும், இயன்முறைப் பயிற்சியும் பலர் நடமாட உதவியுள்ளன. 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ், பெங்களூரின் மனித மரபியல் மையம் இந்திரா காந்தி மருத்துவமனையுடன் இணைந்து உயர் சிறப்பு மையங்களுள் ஒன்றாக அமைந்துள்ளது. அம்மையம் பொம்மனஹள்ளிக்குத் தெற்கே, அதே ஓசூர் நெடுஞ்சாலையையொட்டிய எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறது. மரபணுச் சோதனை குறித்தும், அடுத்த குழந்தை குறித்தும் பெற்றோர் ஆங்கு ஆலோசனை பெறலாம்.

ஆசிரியர் செய்யத்தக்கவை எளியவை. குழந்தையைக் கைகளைப் பற்றியோ அக்குளில் கொடுத்தோ தூக்கலாகாது. முதுகையும் தொடையையும் அகன்ற கைகளால் தாங்கி எடுத்தல் வேண்டும். முறிவு நேர்ந்தால் உறுப்பை நிமிர்த்த முயலாமல், உள்ளபடியே சிம்பு வைத்துக் கட்டி மருத்துவமனைக்கு அனுப்புக. வகுப்பைத் தரைத்தளத்தில் அமைத்து, மணியடிக்கும் முன்னரே குழந்தையை வெளியே விடுக, நெரிசல் தவிரும். நெருக்கித் தள்ளும் விளையாட்டுகள் கூடா. ஆயின் முற்றிலும் அசையாதிருத்தலோ எலும்பை மேலும் நலிவிக்கும்.

இந்நோய் அறிவைக் குறைப்பதில்லை. எலும்பு முறியுமென்று அஞ்சிப் பெற்றோர் வீட்டிலேயே நிறுத்திவிடும் குழந்தை, உடற்குறையோடு கல்வியையும் இழக்கிறது. முன்னதை இன்று நம்மால் முற்றும் நீக்க இயலாது. பின்னதைத் தடுத்தல் நம் கையில் உள்ளது.