மனநல வார்டில் நர்சிங் மாணவிகள்

மனநல வார்டு போஸ்டிங் என்றாலே நர்சிங் மாணவிகள் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். நோயாளி அடித்துவிடுவாரோ, எதைக் கேட்டால் கோபம் வருமோ என்ற பயம். இது கல்லூரியில் வந்ததல்ல; 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கேலி பேசும் ஊரும் சினிமாவும் ஊட்டிவிட்டது. அந்தக் கேலிக்கு ஆளான கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமோ 1794இல் தொடங்கி இன்றும் வைத்தியம் பார்க்கிறது.

பி.எஸ்சி. நர்சிங்கில் மனநலப் பாடம் மூன்றாம் ஆண்டில் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதும், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்ததும் மாணவிகள் அறிந்திருக்க வேண்டியவை. ஆனால் படித்ததாலேயே பயம் போய்விடாது.

அதைக் குறைப்பது வார்டு வேலைதான். மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்காமல் விழுங்கினாரா என்று பார்க்க வேண்டும். கை நடுக்கமும் உடல் விறைப்பும் எப்போதும் நோயின் குறியல்ல, மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம் என்று பிரித்தறிய வேண்டும். நோயாளி சொன்னதையும் தான் சொன்ன பதிலையும் வரிவரியாக எழுதி ஆசிரியையிடம் காட்டும் பயிற்சியும் உண்டு. எங்கே அவசரப்பட்டு அறிவுரை சொன்னோம், எங்கே பேச்சை மாற்றினோம் என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். பாடமும் போஸ்டிங்கும் முடிந்தபின் மாணவிகளின் மனப்பான்மை மேம்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நோய் முற்றியவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பழைய பயம் உறுதிப்படவும் கூடும். குணமாகி வேலைக்குப் போகிறவர்களையும் மாணவிகள் சந்திப்பது அதனால் அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் மனநலத் துறையையே தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. பெரும்பாலோர் பொது வார்டுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும்தான் போவார்கள். உண்மையான சோதனையும் அங்கேதான். பூச்சிமருந்து குடித்தவரை நள்ளிரவில் தூக்கி வருகிறார்கள். 'சாகறதுக்கு வேற வழி கிடைக்கலையா' என்று கடிந்தபடியே வயிற்றைக் கழுவும் நர்ஸும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது அந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு.